அத்தை பையனுக்கு ஒரு கோட்டு

எனக்குப் பொறாமைக் குணம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாற வேண்டாம். எதிர்வீட்டுக்காரர் புது சைக்கிள் வாங்கினால்கூட எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. அவர் அதில் விழுந்து எழுந்தால்தான் மனசு ஆறும்.

ஆனால் போன சீசனில் எனக்கு வந்தது இந்த மாதிரிச் சில்லறைப் பொறாமை இல்லை.

நான் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். டிசைனர் காகிதத்தில் ஓர் உடுப்பை வரைந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அது மனுஷ உடம்பில் உட்கார வேண்டும் என்றால் எத்தனை துண்டாக, எந்த வளைவில் வெட்ட வேண்டும் என்று கண்டுபிடித்து அட்டையில் வெட்டித் தருவது என் வேலை. இருபத்திரண்டு வருட அனுபவம். வயது நாற்பத்தாறு. தலையில் முடி கிடையாது, அந்தக் குறையை வயிறு ஈடுகட்டுகிறது.

அவன் லிப்ட் மெக்கானிக். ஆறடி ரெண்டு அங்குலம். ஊரே அவனை நெட்டை என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். பதினோரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரே பற்பசை. வீட்டு ஓனருக்கும் எதிர்வீட்டுக்கும் என் கம்பெனிக்கும் அவன் என் அத்தை பையன். என் அக்காவிடம் மட்டும் 'ரூம்ல கூட இருக்கிறவன்' என்று சொல்லி வைத்திருக்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு அத்தையே கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

சித்தி பையன் என்றும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அண்ணன் தம்பி முறை வந்துவிடும். பொய்யில்கூட அவனைத் தம்பியாக்க எனக்கு மனசு வரவில்லை. இந்த நுணுக்கத்தை ஒருநாள் அவனிடம் பெருமையாக எடுத்துச் சொன்னபோது, "அடேங்கப்பா, எவ்ளோ பெரிய மனசு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

போன சீசனில் எங்கள் கம்பெனிக்கு வானவில் மேல் திடீர்க் காதல் வந்தது. ஆணோடு ஆண், பெண்ணோடு பெண், எல்லா அன்பும் அன்புதான், அதற்கென்று ஒரு கோட்டு வரிசை கொண்டுவர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். முந்தின வருடம் விற்காமல் கோடவுனில் தங்கிப்போன சாம்பல் நிறத் துணிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கை மடிப்பின் உள்பக்கம் ஏழு வண்ணத்தில் ஒரு பட்டி வைத்துத் தைப்பது என்று தீர்மானம். மடித்துவிட்டால் வண்ணம் தெரியும், இறக்கிவிட்டால் சாதாரணச் சாம்பல் கோட்டு. இந்த யோசனையைக் கொடுத்தவன் நான்தான். தேவைப்படும்போது மறைத்துக்கொள்கிற வித்தையில் என்னைவிட அனுபவசாலி அந்தக் கட்டடத்தில் யார்?

விளம்பரப் பிரிவு மேடத்துக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. "சூப்பர் மாஸ்டர்! உங்களுக்கு எப்படி இதெல்லாம் தோணுது?" என்றார். அசடு வழிய நின்றேன்.

மேடம் கெட்டவர் இல்லை. வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார், உண்மையாகவே கண்கலங்குவார். அந்த வரிசைக்கு மூன்று வாரமாக ஒரு பெயர் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். அப்படி அலைந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிப்டில் மாட்டிக்கொண்டார். சர்வீஸுக்குப் போன் போட்டார்கள். வந்து நின்றது நெட்டை.

நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நாலாவது மாடியில் கூடி நின்று வேடிக்கை பார்த்தோம். அவன் கதவை நெம்பித் திறந்து, குனிந்து கையை நீட்டினான். "பயப்படாதீங்க மேடம். கையைக் குடுங்க. அவ்ளோதான், வெளியே வாங்க."

மேடம் வெளியே வந்தார். நன்றி சொல்லவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, "நீங்க போட்டோவுக்கு நின்னிருக்கீங்களா?" என்றார். மத்தியானமே எல்லாப் பலகைகளிலும் வரிசையின் பெயர் எழுதப்பட்டுவிட்டது: 'வெளியே வா'.

மேடம் அப்படிக் கேட்டதும் அவன் கையில் இருந்த கிரீஸைப் பேன்டில் துடைத்தான். நான் வெட்டித் தைத்துக்கொடுத்த பேன்ட். "துணியில துடைக்காதடான்னு எத்தனை தடவை..." என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மேடம் திரும்பினார். "மாஸ்டர், உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

நெட்டை என்னைப் பார்த்தான். பணம் கட்டிவிட்டு ரசீதுக்குக் காத்திருப்பவன் மாதிரி, அவசரமில்லாமல் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பதினோரு வருடப் பழக்கம்.

"அத்தை பையன் மேடம்" என்றேன்.

அவன் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

ரெண்டு நாளில் விஷயம் முடிந்துவிட்டது. விளம்பரப் படத்தில் ஒரு ஜோடி. ஒருவன் மாடலிங் தொழிலில் இருப்பவன், இன்னொருவன் 'தெருவில் பார்க்கிற நிஜமான முகம்'. நிஜமான முகம் நெட்டையுடையது. மாடலாக வந்தவனுக்கு நான் வைத்த பெயர் தாடி. இருபத்தெட்டு வயது, அளவெடுத்து ஒதுக்கிய தாடி, மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்தொன்று. இடுப்பு முப்பத்தொன்று என்பதை நான் மன்னிக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் நான் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவன் தரையில் மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் போன் 'டிங்' என்றது. பார்த்துச் சிரித்தான். மறுபடி 'டிங்'. மறுபடி சிரிப்பு.

"யாரு?"

"தாடி. முகத்துல அந்தக் கிரீமை எப்படிப் பூசணும்னு அனுப்பியிருக்கான். வெயில்ல வேலை பாக்கிறவங்களுக்குன்னே செஞ்சதாம்."

பதினோரு வருடமாக நான் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னால்கூடக் கேட்காதவன். அன்று காலையிலேயே அந்தக் கிரீமை வாங்கிவந்து வாஷ்பேசின் மேல் வைத்திருந்தான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"இந்தக் கூத்துக்கு நீ எதுக்குச் சரின்னு சொன்ன?"

அவன் மிக்ஸியின் ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு மூடியில் போட்டான். "அந்த மேடம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'ஒரு ஆம்பளை உங்க தோள்ல கை போட்டு நிப்பாரு, ஊரே பாக்கும், உங்களுக்குப் பரவாயில்லையா'ன்னாங்க."

"அதுக்கு?"

"இந்தக் கேள்வியை யாராவது என்கிட்ட கேப்பாங்களான்னு ரொம்ப நாளாப் பாத்துட்டிருந்தேன். கேட்டது அவங்க. அதான் சரின்னுட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. சட்டைக்குத் தண்ணீர் தெளித்தேன். ஏற்கெனவே தெளித்த சட்டைதான்.

"பிரிட்ஜ் மேல ஒரு லெட்டர் இருக்கு, பாத்தியா?" என்றான்.

பார்த்திருந்தேன். வேறொரு ஊரில் அவன் கம்பெனி புதுக் கிளை திறக்கிறது. ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். அங்கே இவனைச் சூப்பர்வைசராகப் போடுகிறார்கள். வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

"போகட்டுமா?"

போகாதே என்று சொல்ல எத்தனை எழுத்து வேண்டும்? நான் காலரைத் திருப்பிப் போட்டேன். "உன் இஷ்டம். நல்ல பதவிதானே."

"இதான் உன் பதிலா?"

"வேற என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் வேணாம்" என்றான். "அத்தை பையன் எங்க போனா யாருக்கு என்ன?" மிக்ஸியை மூடிப் போட்டுப் பார்த்தான். ஓடவில்லை. லிப்டை ஓடவைக்கிறவனுக்கு மிக்ஸி மட்டும் என்றைக்கும் படியாது.

திங்கட்கிழமை இருவரையும் அளவெடுக்கக் கட்டிங் அறைக்கு அழைத்துவந்தார் மேடம். நான் சீட்டை எடுத்து நெட்டையின் அளவுகளை மளமளவென்று எழுதினேன். மார்பு, முதுகு, கை நீளம், கழுத்து. இடது தோள் அரை அங்குலம் இறக்கம், டூல்ஸ் பை தொங்கித் தொங்கி அப்படி ஆனது. எழுதி முடித்துத் தலையைத் தூக்கினால் மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், டேப்பே வைக்கலையே?"

டேப் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "கண் அளவு மேடம். அனுபவம்."

"சூப்பர்!"

அடுத்து தாடி வந்து நின்றான். டேப்பை எடுத்து ஒழுங்காக ஒவ்வொன்றாக அளந்தேன். "எனக்கு மட்டும் கண் அளவு வேலை செய்யலையா மாஸ்டர்?" என்று குழந்தை மாதிரிக் கேட்டான். நெட்டைக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"ரெண்டு பேரும் ஒருதடவை சேர்ந்து நில்லுங்களேன், பாப்போம்" என்றார் மேடம்.

தாடி போய் நின்று, நெட்டையின் தோளில் கையைப் போட்டான். அவ்வளவுதான். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிறவன் மாதிரிச் சாதாரணமாகப் போட்டான். சுற்றுமுற்றும் பார்க்கவில்லை, குரலைத் தணிக்கவில்லை, ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று திரும்பவில்லை. அவனுக்கு வலித்த மாதிரியே தெரியவில்லை. நான் செத்துப் பிழைத்தாலும் செய்ய முடியாத காரியத்தை ஒருத்தன் சூயிங்கம் மென்றுகொண்டே செய்கிறான். அன்று நான் பட்ட பொறாமையைச் சொன்னால் புரியாது. அவன் நெட்டையைத் தொட்டான் என்பது பாதிதான். அவனால் தொட முடிகிறது என்பதுதான் மீதி.

போகும்போது மேடம் ஒரு சின்ன அட்டையை என் மேசையில் வைத்தார். ஒவ்வொரு கோட்டிலும் தொங்கப்போகிற அட்டை. அதில் ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் கதை. நெட்டையும் தாடியும் ஒரு நாள் லிப்டில் மாட்டிக்கொண்டார்களாம். நாற்பது நிமிடம் இருட்டாம். வெளியே வந்தபோது கை கோத்திருந்தார்களாம். 'இது உண்மைக் கதை' என்று கீழே ஒரு வரி.

எங்கள் கதையில் லிப்ட் இல்லை. மின்கட்டணம் கட்டுகிற வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். கவுன்டரை அடைத்துவிட்டார்கள். ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் கிளார்க்கைத் திட்டினோம். இதை எந்தக் கோட்டில் தொங்கவிட முடியும்? இருந்தாலும் அந்த அட்டையைப் படித்தபோது, என் பீரோவைத் திறந்து யாரோ என் சட்டையைப் போட்டுக்கொண்டு போன மாதிரி இருந்தது.

அன்றைக்குத்தான் அந்த வேலையைச் செய்தேன்.

கோட்டில் கை வந்து சேர்கிற வட்டத்தை ஆர்ம்ஹோல் என்போம். அது அக்குளுக்கு நெருக்கமாக, உயரமாக இருந்தால்தான் கை தாராளமாக எழும்பும். அதை ஒன்றேகால் அங்குலம் கீழே இறக்கி, கைத்துணியையும் ஒல்லியாக வெட்டிவிட்டால், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது கோட்டு ஜம்மென்று இருக்கும். கையைத் தூக்கினால் போச்சு, மொத்தக் கோட்டும் சேர்ந்து கிளம்பிக் காதுவரை வரும். நேற்று தொழிலுக்கு வந்தவன் தெரியாமல் செய்கிற பிழை இது. நான் தாடியின் கோட்டில் தெரிந்தே செய்தேன். நெட்டையின் கோட்டை மட்டும் உயிரைக் கொடுத்து வெட்டினேன், தோள் இறக்கம் வெளியே தெரியாதபடி உள்ளே ஒரு மெல்லிய பஞ்சு வைத்து.

புதன்கிழமை போட்டுப் பார்த்தார்கள். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கையைத் தொங்கவிட்டு நின்றார்கள். "சூப்பர்" என்றார் மேடம். எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

வியாழக்கிழமை படப்பிடிப்பு. மேல்மாடியில் துணிக் கோடவுனைக் காலி செய்து வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். நான் கட்டிங் அறையில் கத்தரியை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். பதினொன்றரைக்குப் போன் வந்தது. "மாஸ்டர், ஊசி நூலோட உடனே மேல வாங்க!"

மேலே தாடி தன் கையை நெட்டையின் தோளில் போட முயன்றுகொண்டிருந்தான். கை முழங்கை உயரத்தைத் தாண்டவில்லை. கோட்டு மட்டும் மேலே ஏறி அவன் தாடியை விழுங்கியது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. போட்டோகிராபர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தை இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி வைத்துக்கொண்டேன்.

"சாரி மாஸ்டர்" என்றான் தாடி. வியர்த்துவிட்டிருந்தது. "நான்தான் ஏதோ தப்பாப் போடறேன் போல. நேத்துப் பூரா குழந்தை தூங்க விடல. ஆறு மாசம்தான் ஆகுது. என் வொய்ஃபும் நானும் மாத்தி மாத்திக் கண்ணு முழிக்கிறோம்."

மனைவி, கைக்குழந்தை. போன மாதம் ஒரு கல்யாண மண்டப விளம்பரத்துக்கு மாப்பிள்ளையாக நின்றானாம், அதற்கு முந்தின மாதம் பல் டாக்டராம். எந்த வேஷமானாலும் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன். இதைக் கேட்டு என் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, கூடியது. வேஷத்துக்குப் போடுகிறவனுக்கு இவ்வளவு சுலபம் என்றால், நிஜத்துக்கு வைத்திருக்கிறவன் என்ன பாவம் செய்தான்?

"மாஸ்டர், நீங்களே போட்டுப் பாருங்க, எங்க பிடிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் போட்டோகிராபர்.

மறுக்க வழியில்லை. தாடியின் கோட்டைப் போட்டேன். பட்டன் என் வயிற்றைப் பார்த்ததுமே ஒதுங்கிக்கொண்டது. நெட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான், புதுக் கோட்டில், தோள் ரெண்டும் சமமாக. என் கைவேலையில் இவ்வளவு அழகாக அவன் நின்று நான் பார்த்ததில்லை.

"கையைப் போடு" என்றான், உதட்டை அசைக்காமல்.

தூக்கினேன். கோட்டு காதுக்கு வந்தது. கை நடுவழியில் நின்றுவிட்டது.

அவன் மெதுவாக என் பக்கம் திரும்பி, அக்குளுக்குக் கீழே தையலை ரெண்டு விரலால் பிடித்துப் பார்த்தான். பதினோரு வருடமாக நான் வெட்டிய துணியைத்தான் உடுத்துகிறான். அந்த இடத்தில் நான் ஒரு நூல்கூடத் தவறவிட மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

"வேணும்னே வெட்டினியா?"

"ஆமா."

"நீயும் போட மாட்ட. போடறவனையும் விட மாட்ட. அப்படித்தானே?"

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அது வெறும் சுவர்கள் உள்ள அறை, எல்லோருக்கும் கேட்டது. மேடம் போனிலிருந்து தலையைத் தூக்கினார். தாடி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குத்தான் முதலில் புரிந்தது என்று நினைக்கிறேன், ரெண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

நான் கோட்டைக் கழற்றித் தரையில் போட்டேன். என் பழைய அரைக்கைச் சட்டையோடு, கழுத்தில் டேப்போடு, கையைத் தூக்கி அவன் தோளில் போட்டேன். அவன் உயரத்துக்கு நான் குதிகாலை எழுப்ப வேண்டியிருந்தது.

"மேடம், இவன் என் அத்தை பையன் இல்ல. எனக்கு அத்தையே கிடையாது. பதினோரு வருஷமா நாங்க ரெண்டு பேரும் குடும்பம் நடத்துறோம்."

மேடத்தின் கண் நிறைந்துவிட்டது. அது நடிப்பில்லை. "மாஸ்டர்..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்ளோ அழகா இருக்கு. எனக்கு அழுகையே வருது." மூக்கை உறிஞ்சினார். பிறகு அவர் கண் மேசைமேல் குவிந்து கிடந்த அட்டைக் கட்டுகள் பக்கம் போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஈரம் அப்படியே இருக்க, கண்ணுக்குள் கணக்கு ஓட ஆரம்பித்தது.

"ஆனா கதை அச்சாயிடுச்சே மாஸ்டர். உண்மைக் கதைன்னு வேற போட்டிருக்கோம்."

அட்டைக் கட்டு ஒன்றை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"எனக்கு இதுல எந்தப் பிரச்சினையும் கிடையாது, நீங்க அதைப் புரிஞ்சிக்கணும். நான் முழுக்க உங்க பக்கம். மூணே மாசம். சீசன் முடியற வரைக்கும் இது நம்ம நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். வெளிய யாரு கேட்டாலும், அத்தை பையன்னே சொல்லிடுங்களேன். இத்தனை வருஷம் சொன்னீங்கதானே?" என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். "அடுத்த வருஷம் உங்களை வெச்சே ஏதாவது யோசிக்கலாம். நடுத்தர வயசு ஜோடி. அதுக்கும் ஒரு மார்க்கெட் இருக்கு."

நான் நாள் தவறாமல் சொன்ன பொய்தான். அடுத்தவர் வாயிலிருந்து, அவ்வளவு கனிவாக, ஒரு சலுகை மாதிரி வந்தபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நெட்டைக்கு இப்படித்தான் இருந்திருக்கும். வீட்டு ஓனர் கேட்டபோது, எதிர்வீட்டில் கேட்டபோது, லிப்ட் வாசலில் அன்றைக்கு. இத்தனை நாள் அவன் இதை எங்கே வைத்துக்கொண்டிருந்தான்?

இதெல்லாம் புரிந்தும், 'சரி மேடம்' என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பழக்க தோஷம். அதை விழுங்குவதற்குள் என் கைக்குக் கீழே தோள் காலியாக இருந்தது. நெட்டை கோட்டைக் கழற்றி நாற்காலியில் மடித்து வைத்துவிட்டு, மூலையில் இருந்த தன் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

"முடியாது மேடம்" என்றேன். அதைக் கேட்கத்தான் அவன் இல்லை. பின்னாலேயே ஓடினேன்.

ரெண்டாவது மாடித் திருப்பத்தில் பிடித்தேன். மூச்சு வாங்கியது. "நில்லு. போகாத."

"எங்க?"

"அந்த ஊருக்கு. கையெழுத்துப் போடாத."

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, களைத்துப்போயிருந்தான். "மேல நீ சொன்னது என் மேல இருக்கிற இதுல வந்ததில்ல. தாடி கை போட்டானேங்கிற எரிச்சல்ல வந்தது. நாளைக்கு அவன் வேற விளம்பரத்துக்குப் போயிடுவான். எரிச்சலும் போயிடும். அப்புறம் நான் மறுபடி அத்தை வீட்டுக்குப் போகணும்."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

அந்தத் திருப்பத்தில் ரெண்டு வழி. பின்படியில் இறங்கினால் யார் கண்ணிலும் படாமல் தெருவுக்குப் போகலாம். இன்னொன்று தையல் கூடத்துக்கு நடுவில் போகிற வழி. நான் பின்படியில்தான் எப்போதும் அவனை அனுப்புவேன். அவனும் பழக்கத்தில் அந்தப் பக்கம்தான் திரும்பினான். நான் அவன் பையின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு தையல் கூடத்துக்குள் நுழைந்தேன்.

நாற்பது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே செக்கிங் அக்காவின் மேசை. முடித்து வருகிற ஒவ்வொரு உருப்படியையும் வெளிச்சத்தில் பிடித்துக் குறை கண்டுபிடிப்பவர், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். எங்களைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"யாரு மாஸ்டர் இது? ஹீரோ கணக்கா இருக்காரு."

இங்கே தாடி இல்லை. கேமரா இல்லை. என் தோளுக்குப் பக்கத்தில் நெட்டை மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு எரிச்சல் துளிகூட இல்லை, பயம்தான் இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு அக்கா" என்றேன்.

முன்வரிசையில் ரெண்டு மெஷின் நின்றது. பிறகு அதற்குப் பின்னால் இருந்ததும்.

"என்ன மாஸ்டர், கிண்டலா?"

"இல்லக்கா. நிஜமாத்தான்."

அக்கா என்னை விட்டுவிட்டு அவனிடம் திரும்பினார். "ஏன் தம்பி, இவரு சொல்றது உண்மையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது அவன் முறை. 'இல்லக்கா, நான் இவரோட அத்தை பையன், இவரு சும்மா விளையாடறாரு' என்று அவன் சொல்லலாம். நாற்பது பேர் சிரிப்பார்கள், மெஷின்கள் ஓடத் தொடங்கும், வெள்ளிக்கிழமை அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறலாம். நான் எத்தனையோ முறை செய்ததை அவன் ஒரே ஒரு முறை செய்தால் போதும். செய்வதற்கு அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. படியில் மேடம் போனைக் காதில் வைத்தபடி இறங்கிவந்து நின்றது கண்ணில் பட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான்.

"ஆமாக்கா" என்றான். "மூக்குக்கு மேல கோவம் வரும். பொறாமை வேற, சொல்லி மாளாது. ஆனா எங்க வீட்டுக்காரருதான்."

ஒருத்தி 'ச்சீ' என்றாள், கேட்கும்படியாகவே. இன்னொருத்தி தன் ஸ்டூலை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள். செக்கிங் அக்கா அசையவில்லை. உருப்படியைப் பார்ப்பது போல என்னை வழுக்கையிலிருந்து செருப்புவரை பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"உங்களுக்கு இவரு கொஞ்சம் ஜாஸ்திதான் மாஸ்டர்."

பின்வரிசையில் யாரோ கொல்லென்று சிரிக்க, பாதிக் கூடம் சேர்ந்துகொண்டது. எனக்குக் கட்டிங் அறைக்குப் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. அவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒருத்தி, "அண்ணே, அன்னிக்கு லிப்ட் திறந்தது நீங்கதானே?" என்றாள். "ஆமாம்மா" என்றான். இன்னொருத்தி உங்களுக்குத் தம்பி இருக்கிறானா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். அதற்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னான். எல்லாப் பல்லும் தெரிய, கன்னம் சிவக்க, பதினோரு வருடத்தில் என்னிடம் காட்டாத ஒரு சிரிப்பை அந்தக் கூடம் முழுக்க வாரி இறைத்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வயிறு எரியத் தொடங்கியது.

"இளிச்சது போதும், வா" என்றேன், நாற்பது பேர் காதிலும் விழும்படி.